கையெழுத்து உங்களுடையதுதானே?

வயதானவர் ஒருவர் பணத்தைப் பறிகொடுத்த செய்தி வந்தால், அதன் கீழே எழுதப்படும் கருத்துகளைப் படித்துவிடாதீர்கள். "இவ்வளவு படித்தவருக்கு இதுகூடவா தெரியாது?" "பேராசை பெருநஷ்டம்." "பேப்பர் படிக்கும் வழக்கமே இல்லையா?" திருடியவனைப் பற்றி ஒரு வார்த்தை இருக்காது. வசவு முழுவதும் இழந்தவருக்கே. இதை எழுதுகிறவர்களில் பாதிப் பேருக்கு வீட்டில் எழுபது தாண்டிய அப்பாவோ அம்மாவோ இருப்பார்கள். அவர்களும் இதைப் படிப்பார்கள். நாளைக்கு அவர்களுக்கு ஒன்று நேர்ந்தால் யாரிடம் வாய் திறப்பார்கள்?

அறியாமைதான் காரணம் என்ற வாதத்தை முதலில் பார்த்துவிடலாம். 2024இல் லூதியானாவில் ஏழு கோடி ரூபாயை இழந்தவர் வர்த்மான் ஜவுளிக் குழுமத்தின் தலைவர் எஸ்.பி. ஓஸ்வால். அப்போது அவருக்கு 82 வயது. பத்மபூஷண் பெற்றவர். ஆயிரக்கணக்கானோருக்குச் சம்பளம் கொடுக்கும் நிறுவனத்தை நடத்துகிறவர். சி.பி.ஐ. அதிகாரி என்று ஒருவன் வீடியோ அழைப்பில் வந்தான். அடுத்து உச்ச நீதிமன்றம் போலவே ஒரு விசாரணையை நடத்திக் காட்டினார்கள். தலைமை நீதிபதி சந்திரசூட் பெயரிலேயே ஒருவன் உட்கார்ந்து தீர்ப்புச் சொன்னான். எழுத்துப்பூர்வ உத்தரவும் வந்தது, முத்திரையோடு. இவரை விவரம் தெரியாதவர் என்று சொல்லத் துணிகிறவர் சொல்லட்டும்.

அடுத்த ஆண்டு ஹரியாணாவின் அம்பாலாவில் ஒரு முதிய தம்பதி இதே வகையில் ஒரு கோடி ரூபாய்க்கு மேல் இழந்தார்கள். அவர்களுக்குக் காட்டப்பட்டதும் உச்ச நீதிமன்றத்தின் பெயரிலான போலி ஆணைகள்தான். அவர்கள் எழுதிய கடிதத்தை வைத்தே உச்ச நீதிமன்றம் 2025 அக்டோபரில் தானாக முன்வந்து வழக்கை எடுத்தது. டிசம்பரில், வீடியோ அழைப்பிலேயே கைது செய்துவிட்டதாக மிரட்டிப் பணம் பறிக்கும் இந்த 'டிஜிட்டல் கைது' மோசடிகளை விசாரிக்கும் பொறுப்பை சி.பி.ஐ.யிடம் கொடுத்தது.

இந்த இரண்டிலும் பேராசை எங்கே இருக்கிறது? யாரும் இரட்டிப்பு வட்டிக்கு ஆசைப்படவில்லை. அரசாங்கம் கூப்பிட்டால் பதில் சொல்ல வேண்டும், சம்மன் வந்தால் மதிக்க வேண்டும் என்று வாழ்ந்தவர்கள். முத்திரை குத்திய காகிதத்துக்கு எழுந்து நின்று பழகிய தலைமுறை அது. அந்த ஒழுக்கத்தைத்தான் திருடன் பிடித்துக்கொள்கிறான். எதற்கும் அஞ்சாத, எந்த உத்தரவையும் மதிக்காத ஆளை இப்படி மிரட்டிப் பாருங்கள், அவன் போனை வைத்துவிட்டுக் காபி குடிக்கப் போய்விடுவான்.

சரி, தொலைபேசித் திருடனையாவது எல்லோரும் திருடன் என்கிறார்கள். பிரதமர் வானொலியில் பேசினார். யாரைக் கூப்பிட்டாலும் மணி அடிப்பதற்கு முன் எச்சரிக்கைக் குரல் கேட்ட காலமும் உண்டு. என் கோபம் அதிகமாகப் போவது வேறொரு இடத்துக்கு. கண்ணாடிக் கதவும் குளிர்சாதனமும் உள்ள இடம். அங்கே திருட்டு என்ற சொல்லுக்கு அனுமதி கிடையாது.

என் பெரியப்பா ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். ஓய்வுக்காலப் பணத்தை ஒரே வங்கிக் கிளையில் டெபாசிட்டாகப் போட்டு, முதிரும்போதெல்லாம் புதுப்பித்துக்கொண்டே வந்தவர். ஒருமுறை புதுப்பிக்கப் போனபோது, கழுத்தில் டை கட்டிய ஒரு பையன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார வைத்தான். "அப்பா, இதையே போட்டால் வட்டி குறைந்துவிட்டது. நம் பேங்கிலேயே புதிதாக ஒன்று வந்திருக்கிறது, டெபாசிட் மாதிரியேதான், வட்டி மட்டும் கூடுதல்" என்றான். 'அப்பா' என்று கூப்பிட்டதையும், வரிசையில் நிற்க விடாமல் பாஸ்புக்கைத் தானே வாங்கிப் பதிந்து தந்ததையும் பெரியப்பா வீட்டுக்கு வந்து பெருமையாகச் சொன்னார். பென்சிலால் டிக் அடித்த இடங்களில் எல்லாம் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்திருந்தார்.

அது ஆயுள் காப்பீட்டு பாலிசி. பத்து ஆண்டுகள் ஆண்டுதோறும் பிரீமியம் கட்ட வேண்டியது. அவர் வயதுக்குக் காப்பீடு எடுபடாது என்பதால் காப்பீடு பேரன் பெயரில், பணம் கட்டுகிறவர் இவர். நிறுவனத்திலிருந்து சரிபார்ப்பு அழைப்பு வரும் என்றும், கேட்பதற்கெல்லாம் 'ஆமாம்' என்று சொன்னால் போதும் என்றும் பையன் முன்கூட்டியே சொல்லிவைத்திருந்தான். வந்தது. சொன்னார். மறு ஆண்டு 'பிரீமியம் நிலுவை' என்று குறுஞ்செய்தி வந்தபோதுதான் வீட்டில் எல்லோருக்கும் விஷயம் தெரிந்தது.

கிளைக்குப் போனோம். பையன் மாற்றலாகிப் போயிருந்தான். மேலாளர் விண்ணப்பத்தைத் திருப்பிக் காட்டிக் கேட்டார்: "கையெழுத்து உங்களுடையதுதானே?" ஆமாம். "அழைப்பில் பேசியது நீங்கள்தானே?" ஆமாம். அதற்கு மேல் அவருக்குச் சொல்ல எதுவும் இல்லை. நாற்பது ஆண்டுகள் மாணவர்களிடம் பொய் சொல்லாதே என்று சொன்ன மனிதர் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தார். எனக்குத் தெரிந்து அந்த அறையில் பொய்யே சொல்லாதவர் அவர் ஒருவர்தான்.

அந்தப் பையனை மட்டும் குற்றம் சொல்லி முடித்துவிட மாட்டேன். அவனுக்கு மாதத்துக்கு இவ்வளவு என்று டார்கெட். மார்ச் வந்தால் கிளையே டார்கெட் பேயாக ஆடும். இத்தகைய பாலிசிகளில் விற்பனைக் கமிஷனின் பெரும்பங்கு முதல் ஆண்டுப் பிரீமியத்திலேயே எடுக்கப்படுவதால், இரண்டாம் ஆண்டு வாடிக்கையாளர் கட்டினாரா, விட்டாரா என்ற கவலை விற்றவருக்கு இல்லை. கணினித் திரையில் யாருடைய டெபாசிட் எந்தத் தேதியில் முதிர்கிறது என்ற பட்டியல் இருக்கிறது, வயதோடு. வேட்டைக்கு வேறென்ன வேண்டும்? இது நான் மட்டும் புலம்புவதல்ல. வங்கிகள் காப்பீட்டைத் தவறாகச் சொல்லி விற்பதை நிதியமைச்சர் நிர்மலா சீதாராமனே 2024 நவம்பரில் வங்கியாளர்கள் கூடிய மேடையில் கண்டித்தார்.

பெரியப்பாவுக்குப் பணம் திரும்ப வந்தது. அதைக் கொண்டுவந்தது அந்த விண்ணப்பமேதான். நிதானமாகப் படித்தால், ஓய்வூதியம் வாங்கும் மனிதரின் தொழில் 'வியாபாரம்' என்று எழுதியிருந்தது. ஆண்டு வருமானம் அவர் கனவிலும் காணாத தொகை. அவ்வளவு பெரிய பிரீமியத்துக்கு ஏற்ற வருமானத்தைக் காட்ட வேண்டுமே, அதற்காக. கையெழுத்து அவருடையது, படிவத்தை நிரப்பிய எழுத்து வேறொருவருடையது. ஓய்வூதிய ஆணையின் நகலையும் பாஸ்புக் பக்கங்களையும் இணைத்து நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுதினோம். மறுத்தால், காப்பீட்டுப் புகார்களை விசாரித்துத் தீர்ப்புச் சொல்லும் இன்ஷூரன்ஸ் ஆம்புட்ஸ்மேனிடம் போவோம் என்று கடைசி வரியில் சேர்த்தோம். கட்டிய தொகை வந்தது, வட்டி வரவில்லை.

ஆம்புட்ஸ்மேன் என்பவரைப் பலருக்குத் தெரிவதில்லை. சென்னையில் அலுவலகம் இருக்கிறது. கட்டணம் கிடையாது, வக்கீல் தேவையில்லை, வெள்ளைத் தாளில் எழுதிக் கொடுக்கலாம். நிறுவனத்திடம் முதலில் புகார் செய்து, அது மறுத்திருக்க வேண்டும் அல்லது ஒரு மாதம் பதில் சொல்லாமல் இருந்திருக்க வேண்டும். அதன்பின் ஓராண்டுக்குள் போக வேண்டும். 50 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குகளை அவர் விசாரிக்கலாம். அவர் தரும் தீர்ப்பு நிறுவனத்தைக் கட்டுப்படுத்தும்.

தெருவில் வருகிற வியாபாரிகளைப் பற்றித் தனியாகவே எழுதலாம். நகைக்குப் பாலிஷ் போடுகிறேன் என்று அமிலத்தில் முக்கித் தங்கத்தைக் கரைத்துக்கொண்டு போகிறவன். "மேலே கொலை நடந்திருக்கிறது பாட்டி, நகையைக் கழற்றிக் காகிதத்தில் மடித்து வையுங்கள்" என்று போலீஸ்காரனாக நடித்துக் கூழாங்கல் பொட்டலத்தைக் கையில் திணிக்கிறவன். கல்யாண மண்டபத்தில் இலவச மருத்துவ முகாம் நடத்தி, மூட்டுவலிக்குக் காந்த மெத்தை என்று பல ஆயிரத்துக்குத் தலையில் கட்டுகிறவன். இந்தக் கடைசி ஆளிடம் ஒரு சூட்சுமம் உண்டு. அவன் ஒரு மணி நேரம் உட்கார்ந்து முட்டிவலியைப் பற்றிக் கேட்கிறான். அதைப் பத்து நிமிடம் கேட்க வீட்டில் ஆள் இல்லை.

இப்படி இழந்தவர்கள் ஏன் உடனே சொல்வதில்லை என்று கேட்டுப் பாருங்கள். போன பணத்தைவிட வேறொரு பயம் பெரிதாக இருக்கிறது. மகனுக்குத் தெரிந்தால் பாஸ்புக்கை வாங்கிக்கொள்வான். மகள் போனைப் பிடுங்கிவிடுவாள். இனிமேல் காய்கறி வாங்கக்கூடக் கையேந்த வேண்டும். இந்தப் பயம் கற்பனையல்ல, பெரும்பாலான வீடுகளில் நடப்பது அதுதான். ஒருமுறை ஏமாந்தவரை நாம் சிறுபிள்ளையாக்கிவிடுகிறோம். விளைவு என்ன? 1930 என்ற சைபர் மோசடி உதவி எண்ணுக்கு உடனே அழைத்தால், பணம் போய்ச் சேர்ந்த கணக்கை முடக்கச் சொல்லிச் சம்பந்தப்பட்ட வங்கிகளுக்குத் தகவல் போகும். பணம் ஒரு கணக்கிலிருந்து பத்துக் கணக்குகளுக்குச் சிதறுவதற்குள் பிடித்தால் கொஞ்சமாவது மிஞ்சும். அந்த அருமையான முதல் சில மணி நேரத்தை, திட்டு விழுமே என்ற பயம் தின்றுவிடுகிறது. ஆகையால் செய்தியின் கீழே கேலி எழுதுகிறவர்கள் தெரிந்தோ தெரியாமலோ திருடனுக்கு நேரம் வாங்கித் தருகிறார்கள்.

'எச்சரிக்கையாக இருங்கள்' என்று பெரியவர்களுக்குப் பாடம் எடுப்பது தப்பில்லை. அது மலிவு, அதனால்தான் எல்லோரும் அதையே செய்கிறோம். ஆனால் பணம் போவது வங்கி வழியாக. பணத்தை நிறுத்தி வைக்கும் சக்தியும் வங்கியிடம்தான் இருக்கிறது. எண்பது வயதுக்காரர் ஒருவர் வாழ்நாளில் முதன்முறையாக டெபாசிட்டுகளை எல்லாம் உடைத்து, இதுவரை ஒரு ரூபாய்கூட அனுப்பாத கணக்குக்கு அனுப்பச் சொல்கிறார் என்றால், அதைக் கவனிக்கப் பெரிய தொழில்நுட்பம் வேண்டியதில்லை. கவுண்டரில் இருக்கும் ஊழியர் முகத்தைப் பார்த்தாலே போதும். அப்படிப் பார்த்து, சந்தேகப்பட்டு, பேச்சுக் கொடுத்துத் தடுத்து நிறுத்திய ஊழியர்களைப் பற்றிய செய்திகளும் வந்திருக்கின்றன. அவர்களுக்கு என் வணக்கம். ஆனால் நல்ல மனம் படைத்த ஊழியர் அன்று பணியில் இருப்பாரா என்ற அதிர்ஷ்டத்தை நம்பி ஒருவரின் சேமிப்பு இருக்கக் கூடாது.

பிரிட்டனில் 2024 அக்டோபர் முதல் இதற்கு விதி இருக்கிறது. ஏமாற்றப்பட்டுத் தன் கையாலேயே பணத்தை அனுப்பியவருக்கும் 85,000 பவுண்டு வரை வங்கிகள் ஈடு செய்ய வேண்டும். அனுப்பிய வங்கிக்குப் பாதி, வாங்கிய வங்கிக்குப் பாதி. தன் காசு போகிறது என்றதும் மோசடிக் கணக்குகளைக் கண்டுபிடிக்கும் அக்கறை வங்கிக்குத் தானாக வந்துவிடும். சிங்கப்பூர் 2025இல் கொண்டுவந்த சட்டப்படி, ஒருவர் மோசடிக்காரனின் பேச்சை நம்பிப் பணம் அனுப்பியே தீருவேன் என்று பிடிவாதம் பிடித்தால், அவர் கணக்கிலிருந்து பணம் வெளியேறுவதைத் தற்காலிகமாகக் கட்டுப்படுத்தப் போலீஸ் வங்கிக்கு உத்தரவிடலாம். நம் ரிசர்வ் வங்கியின் 2017ஆம் ஆண்டுச் சுற்றறிக்கை, வாடிக்கையாளருக்குத் தெரியாமல் நடந்த பரிமாற்றங்களுக்காக எழுதப்பட்டது. வாடிக்கையாளர் மீது தவறில்லாதபோது, மூன்று வேலை நாட்களுக்குள் தெரிவித்தால் இழப்பு அவருக்கு இல்லை என்றது. நல்ல விதிதான். ஆனால் மிரட்டலுக்குப் பயந்து தானே அனுப்பியவருக்கு அது கைகொடுக்காது. மறுபடியும் அதே கேள்வி: கையெழுத்து உங்களுடையதுதானே?

நான் கேட்பது அதிகமில்லை. மூத்த குடிமக்களின் டெபாசிட் முதிரும் நாளில் அதே கிளையில் அவர்களுக்குக் காப்பீடு விற்பதைத் தடை செய்யுங்கள். ஒரு வாரம் கழித்து, வீட்டில் ஒருவரோடு கலந்து பேசிவிட்டு வந்து வாங்கட்டும். புதிய கணக்குக்குப் பெரிய தொகை போனால் ஒருநாள் நிறுத்தி வையுங்கள். விரும்பும் பெரியவர், தான் நம்பும் ஒருவரின் எண்ணைக் கொடுத்து, பெரிய தொகை போவதற்குமுன் அவருக்கும் தகவல் சொல்லச் சொல்லலாம். அந்த ஆளைப் பெரியவரே தேர்ந்தெடுக்க வேண்டும், வேண்டாமென்றால் அவரே நீக்கலாம். ஏனென்றால் பிள்ளைகளே மோசம் செய்த வீடுகளும் நமக்குத் தெரியும். ஆஸ்பத்திரி அவசரம் வந்தால் என்ன செய்வது என்று கேட்பார்கள். மருத்துவமனையின் கணக்குக்குப் போகும் பணத்தையும், நேற்று முளைத்த தனிநபர் கணக்குக்குப் போகும் பணத்தையும் வங்கியால் பிரித்தறிய முடியாதா என்ன!

இன்னொன்றும் நினைவுக்கு வருகிறது. எழுபது வயது தாண்டியவர்களுக்கு வீட்டுக்கே வந்து பணம் கொடுப்பது, வாங்குவது போன்ற சேவைகளைச் செய்துதர முயற்சி எடுக்குமாறு ரிசர்வ் வங்கி 2017 நவம்பரிலேயே வங்கிகளுக்குச் சொல்லியிருக்கிறது. பெரியப்பாவின் கிளையில் அதைப் பற்றி அவருக்கு யாரும் சொன்னதில்லை. பாலிசிப் பத்திரத்தில் விடுபட்ட ஒரு கையெழுத்துக்கு மட்டும் அந்தப் பையன் மழையில் பைக்கை ஓட்டிக்கொண்டு வீட்டுக்கே வந்தானாம்.

உங்கள் வீட்டுப் பெரியவர்களின் பீரோவில் சமீபத்தில் வந்த பாலிசிப் பத்திரம் ஏதாவது இருக்கிறதா என்று, கேலி இல்லாமல், கேட்டுப் பாருங்கள். பத்திரம் கைக்கு வந்து 30 நாள் ஆகவில்லை என்றால் காரணம் எதையும் நிரூபிக்காமலே ரத்து செய்யலாம். முத்திரைக் கட்டணம் போன்ற சிறு பிடித்தங்கள் போக மீதிப் பணம் வந்துவிடும். இதற்கு 'ஃப்ரீ லுக்' காலம் என்று பெயர். பத்திரத்தோடு வரும் கடிதத்திலேயே எழுதியிருக்கும். கிளையில் வாயால் சொல்லிவிட்டு வராதீர்கள், "பார்த்துக்கொள்கிறோம் அப்பா" என்று 31ஆம் நாள் வரை இழுப்பார்கள். எழுதிக் கொடுத்து, நகலில் முத்திரையும் தேதியும் வாங்குங்கள். வாங்க மறுத்தால் காப்பீட்டு நிறுவனத்துக்கே மின்னஞ்சலும் விரைவுத் தபாலும் அனுப்பி, ரசீதைப் பத்திரத்தோடு சேர்த்துப் பின் குத்தி வையுங்கள்.