எண்ணை மாற்றாமல் நிறுவனத்தை மாற்ற யாருடைய அனுமதியும் வேண்டாம்

"சிம் கம்பெனியை மாற்ற, இப்போதுள்ள நிறுவனத்தின் கடையில் தடையில்லாச் சான்று வாங்க வேண்டும், மாற்றினால் வங்கி, ஆதார் இணைப்பு அறுந்துவிடும்" என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் செய்தி தவறானது. தயவுசெய்து பகிராதீர்கள்.

அப்படியொரு சான்றே கிடையாது. ஆங்கிலத்தில் போர்ட் (PORT) என்று தட்டி, இடைவெளி விட்டு, உங்கள் 10 இலக்க எண்ணைச் சேர்த்து 1900-க்கு எஸ்எம்எஸ் அனுப்புங்கள். தகுதி இருந்தால் 8 எழுத்துக் குறியீடு வரும். தமிழ்நாட்டில் அது 4 நாள் செல்லுபடியாகும். அதற்குள் புதிய நிறுவனத்தின் கடையில் கொடுக்க வேண்டும். குறியீட்டைப் போனில் கேட்பவர் யாருக்கும் சொல்லாதீர்கள்.

குறியீடு மறுக்கப்பட்டால் காரணம் பெரும்பாலும் இவற்றில் ஒன்று: இணைப்பு பெற்று 90 நாள் ஆகவில்லை, போஸ்ட்பெய்டு பில் பாக்கி, கடந்த 7 நாளுக்குள் அதே எண்ணுக்கு மாற்று சிம் கார்டு வாங்கியது. "போகாதீர்கள், சலுகை தருகிறோம்" என்று அழைப்பு வந்தால் ஏற்பதும் மறுப்பதும் உங்கள் உரிமை.

எண் மாறாததால் வங்கி, ஆதார் பதிவு அப்படியே இருக்கும். யுபிஐ செயலி மட்டும் புதிய சிம்மைச் சரிபார்க்கக் கேட்கலாம். உண்மையான இழப்பு ஒன்றுதான்: மீதமுள்ள பிரீபெய்டு பேலன்ஸ் போய்விடும், ஆகவே ரீசார்ஜ் முடியும் தறுவாயில் மாறுங்கள். விதிகள் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் இணையதளத்தில் உள்ளன.