மெத்தில் மாறியதா, செல் விகிதம் மாறியதா?

எபிஜீனோம் (டிஎன்ஏவிலும் அதைச் சுற்றிய புரதங்களிலும் ஒட்டி, ஜீன்கள் இயங்குவதைக் கட்டுப்படுத்தும் வேதிக் குறிகளின் தொகுப்பு) பற்றி நான் படித்த ஒரு கட்டுரை, 2015-ல் 111 வகை மனிதத் திசு, செல்களுக்கு அதன் வரைபடம் வந்ததோடு வேலை முடிந்தது என்ற தொனியில் போகிறது. ஜீனோம் ஒன்றுதான், எபிஜீனோம் செல் வகைக்கு ஏற்ப மாறும். அதை அளப்பதிலேயே சிக்கல் தொடங்குகிறது. அந்தக் குறிகளில் முக்கியமானது, டிஎன்ஏவின் 'சி' எழுத்தான சைட்டோசினில் ஒட்டும் மெத்தில் என்ற சிறு வேதித் தொகுதி. டிஎன்ஏவை பைசல்ஃபைட் என்ற வேதிப்பொருளில் வைத்தால் மெத்தில் ஒட்டாத சைட்டோசின் யுராசில் என்ற வேறு எழுத்தாக மாறி, வரிசைப்படுத்தும்போது 'டி' என்று தெரியும். மெத்தில் ஒட்டியது 'சி'யாகவே நிற்கும். மாற்றம் பாதியில் நின்றால் இல்லாத மெத்தில் இருப்பதாகக் காட்டும். அதனால்தான் மெத்தில் இல்லாத லாம்டா வைரஸ் டிஎன்ஏவைத் துளி கலந்து, 99 சதவீதத்துக்கு மேல் மாறியதா என்று பார்ப்பார்கள். மெத்திலின் மாற்று வடிவமான ஹைட்ராக்சிமெத்திலும் 'சி'யாகத்தான் தெரியும், இரண்டையும் பிரித்தறிய முடியாது. அது அதிகமுள்ள மூளைத் திசுவில் இது பெரிய தலைவலி.

அதைவிட மோசம் செல் கலவை. தொற்று வந்து ரத்த வெள்ளையணுக்களில் நியூட்ரோஃபில் என்ற வகை கூடி, லிம்போசைட் என்ற வகையின் விகிதம் குறைந்தாலே மெத்தில் அளவு மாறிவிடும். எந்தச் செல்லுக்குள்ளும் எதுவும் மாறியிருக்காது! செல் விகிதத்தைக் கணக்கில் கொள்ளாத ரத்த ஆய்வை நான் நம்புவதில்லை. புகைப்பவர்களிடம் ஏஎச்ஆர்ஆர் ஜீனில் மெத்தில் குறைவது மாதிரி, பல ஆய்வுகளில் திரும்பத் திரும்பக் கிடைப்பவைதான் உருப்படி.