கடனைக் கட்டச் சொல்லி வரும் கடிதத்தைக் கண்டு பயந்து பணம் கட்டிவிடாதீர்கள்

எனக்குத் தெரிந்த சில குடும்பங்களுக்கு அண்மையில் ஒரே அச்சில் வார்த்தது போன்ற கடிதங்கள் வந்திருக்கின்றன. மேலே தராசுச் சின்னம், 'லோக் அதாலத் நோட்டீஸ்' என்ற தலைப்பு, எப்போதோ முடித்துவிட்ட கிரெடிட் கார்டின் பெயரில் ஒரு பெருந்தொகை, 7 நாட்களுக்குள் குறிப்பிட்ட கைபேசி எண்ணை அழைக்காவிட்டால் வாரண்ட் வரும் என்ற மிரட்டல். பெறுகிறவர் வெட்கப்பட்டு, வீட்டில் ஒருவரிடமும் சொல்லாமல் அந்த எண்ணை அழைத்துவிடுவார் என்பதுதான் அனுப்புகிறவரின் கணக்கு.

லோக் அதாலத் என்பது 1987ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் இயங்கும் சமரச மன்றம். கடன் கட்டாததற்காக ஒருவரைக் கைது செய்யச் சொல்லும் இடம் அதுவன்று. உண்மையான லோக் அதாலத் அழைப்புகளும் வருவதுண்டு என்பதால், கையில் உள்ளது எது என்பதை மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவின் அலுவலகத்தில் நேரில் கேட்டுவிடுவதே நல்லது. வழக்கு எண் இருந்தால், நீதிமன்ற வழக்கு விவரங்களைத் தரும் இ-கோர்ட்ஸ் இணையதளத்தில் தேடிப் பார்க்கலாம். நீதிமன்றச் சம்மனையும், திரும்பிய காசோலைக்காக வரும் வக்கீல் நோட்டீஸையும் மட்டும் ஒருபோதும் ஒதுக்கிவைக்கக் கூடாது. காசோலை நோட்டீஸுக்குப் பணம் செலுத்த 15 நாட்கள்தான் அவகாசம்.

மற்ற கடிதங்களுக்கு, அதில் உள்ள எண்ணை அழைக்காமல், கடன் கொடுத்ததாகச் சொல்லப்படும் வங்கிக்கே விரைவு அஞ்சலில் எழுதுங்கள். கடன் ஒப்பந்தத்தின் நகல், கணக்கு அறிக்கை, வசூலிக்கும் நிறுவனத்துக்கு அளித்த அதிகாரக் கடிதம், கடனை வேறொருவருக்கு விற்றிருந்தால் அதற்கான ஆவணம் ஆகியவற்றைக் கேளுங்கள். நம் கடன் வரலாற்றைப் பதிவுசெய்து வைக்கும் சிபில் உள்ளிட்ட நான்கு நிறுவனங்களும் ஆண்டுக்கு ஒருமுறை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும் என்பதால், உங்கள் பெயரில் அப்படியொரு கடன் பதிவாகியிருக்கிறதா என்பதையும் பார்த்துவிடலாம்.

"இப்போதைக்கு ஆயிரம் ரூபாய் கட்டுங்கள், ஒரு கடிதத்தில் கையெழுத்துப் போடுங்கள்" என்று கனிவாகப் பேசுகிறவரிடம்தான் அதிக எச்சரிக்கை வேண்டும். அடமானமில்லாத கடனுக்குப் பொதுவாக 3 ஆண்டுகளுக்குள் வழக்குத் தொடர வேண்டும். அந்தக் காலம் முடிவதற்குள் கடனை எழுத்தில் ஒப்புக்கொண்டால் அந்த 3 ஆண்டுக் கணக்கு மீண்டும் முதலிலிருந்து தொடங்கும்; முடிந்த பிறகும்கூட, கட்டுகிறேன் என்று எழுதிக் கையெழுத்திட்டால் 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டம் அந்த வாக்குறுதியைச் செல்லுபடியாக்குகிறது. செத்துப்போன கடனுக்கு உயிர் கொடுக்க உங்கள் ஒரு கையெழுத்து போதும்.

இறந்த தந்தையின் கடனைக் கேட்டுப் பிள்ளைகளுக்குக் கடிதம் அனுப்புவது எனக்கு மிகுந்த கோபமூட்டுகிறது. இணைக் கடனாளியாகவோ ஜாமீனாகவோ கையெழுத்திட்டிராத வாரிசு, தனக்கு வந்த சொத்தின் அளவுக்கு மட்டுமே பொறுப்பு. தன் சம்பளத்திலிருந்து கட்ட வேண்டியதில்லை.

இதில் முதற்பொறுப்பு வங்கிகளுடையது என்பதே என் கருத்து. காலை 8 மணிக்கு முன்பும் மாலை 7 மணிக்குப் பின்பும் வசூல் முகவர்கள் அழைக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022இல் சொல்லியிருக்கிறது. மிரட்டலுக்கும் தடை உண்டு. முகவர் செய்ததற்கு நாங்கள் பொறுப்பல்ல என்று வங்கி கைகழுவ முடியாது. வங்கிக்கு எழுதிய புகாருக்கு 30 நாட்களில் பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிடலாம். போலி ஆசாமிக்கு ஏற்கெனவே பணம் அனுப்பியிருந்தால் 1930 என்ற இணையக் குற்றப் புகார் எண்ணுக்கு உடனே தெரிவியுங்கள்.