அந்த ஒரு மணி நேரமும் நான்கு வாம்பயர்களும்

2015 ஜூலை 28. ஷில்லாங்கில் காலமான கலாம் ஐயாவின் உடல் டெல்லி பாலம் விமான நிலையத்துக்கு வந்திருந்தது. சக்கர நாற்காலியில் வந்த 96 வயதுப் பெரியவர் ஒருவர் எழுந்து நின்று சல்யூட் அடித்தார். ராமேஸ்வரத்துக்காரருக்காகக் கண்ணீரோடு டிவி முன் உட்கார்ந்திருந்த எனக்கு, அவர் யாரென்று அன்றுதான் தெரிந்தது.

அர்ஜன் சிங். இந்திய விமானப்படையின் ஒரே ஐந்து நட்சத்திர அதிகாரி. 2002 ஜனவரியில் அந்தப் பதவியான மார்ஷல் ஆனார். மார்ஷலுக்கு ஓய்வு கிடையாது, கடைசி மூச்சு வரை பணியில் இருப்பவராகவே கணக்கு. அதே வருஷம் ஜூலையில் கலாம் ஜனாதிபதியாகி முப்படைகளுக்கும் தலைவரானார். டேராடூனில் நடந்த விமானப்படைத் தேர்வில் எட்டு இடங்களுக்கு ஒன்பதாவதாக வந்து, பைலட் ஆகாமல் போனவர் கலாம். அவருக்கு விமானப்படையின் மூத்த பைலட் எழுந்து நின்று வைத்த சல்யூட் அது. இப்போது நினைத்தாலும் நெஞ்சு அடைக்கிறது.

1919-ல் லயால்பூரில் பிறந்தவர். அந்த ஊர் இன்று பாகிஸ்தானில் பைசலாபாத். 1944-ல் இம்பாலில் ஜப்பானியரை எதிர்த்து விமானப்படையின் ஒன்றாம் ஸ்குவாட்ரன் என்ற பிரிவை வழிநடத்தி, மவுண்ட்பேட்டன் கையால் டி.எஃப்.சி. என்ற வீரப்பதக்கம் வாங்கினார். மறு வருஷமே, கண்ணூரில் வீடுகளுக்கு மேல் ரொம்பத் தாழப் பறந்ததற்காக அவர்மேல் கோர்ட் மார்ஷல் விசாரணை. நல்லவேளை, அதோடு அவரை ஓரங்கட்டிவிடவில்லை. 1947 ஆகஸ்ட் 15 அன்று டெல்லி வானில் நூற்றுக்கும் மேற்பட்ட விமானங்களின் அணிவகுப்புக்குத் தலைமை தாங்கியவர் அவர்தான். 1964-ல் விமானப்படைத் தளபதி. 50 வயதில் ஓய்வு. அப்புறம் சுவிட்சர்லாந்தில் தூதர், டெல்லியில் துணைநிலை ஆளுநர். தன் பண்ணை நிலத்தை விற்று, ஓய்வுபெற்ற விமானப்படையினரின் நலனுக்கு 2 கோடி ரூபாய் கொடுத்தார்.

ஆனால் எனக்கு ஓர் ஆதங்கம். அவரைப் பற்றிய பதிவுகள் எல்லாமே ஒரே கதையில் போய் நிற்கின்றன. 1965 செப்டம்பர் 1, பாகிஸ்தான் டாங்கிகள் ஜம்முவில் உள்ள அக்னூரை நோக்கி வருகின்றன. எவ்வளவு நேரத்தில் விமானங்கள் கிளம்பும் என்று பாதுகாப்பு அமைச்சர் சவான் கேட்க, "ஒரு மணி நேரத்தில்" என்கிறார் அர்ஜன் சிங். சொன்னபடியே பதான்கோட்டிலிருந்து கிளம்பின. கைதட்டல், முடிந்தது.

அன்று மாலை அந்தச் சண்டை நடந்த சம்ப் பகுதிக்கு முதலில் போனவை வாம்பயர்கள். நாற்பதுகளில் வடிவமைத்த, வேகம் குறைந்த பழைய ஜெட்கள். எதிரே பாகிஸ்தானின் சேபர் போர் ஜெட்கள். நான்கு வாம்பயர்கள் திரும்பவில்லை. அந்தக் குழப்பத்தில் நம் படையினர் மீதே நம் விமானங்கள் சுட்டதும் நடந்தது. அதற்குப் பிறகு வாம்பயர்களைப் போர்முனையிலிருந்து விலக்கிக்கொண்டார்கள்.

அந்த முடிவு தப்பு என்று நான் சொல்லவில்லை. அக்னூர் போயிருந்தால் காஷ்மீருக்குப் போகும் வழி போயிருக்கும். கையில் இருந்ததை அனுப்பித்தான் ஆகவேண்டும். ஆனால் "ஒரு மணி நேரத்தில்" என்று சொன்ன அந்த மனிதர், யாரை எந்த விமானத்தில் அனுப்புகிறோம் என்று தெரிந்தே சொன்னார். தானே போர் விமானம் ஓட்டியவருக்கு அது தெரியாமலா இருக்கும்? அந்தச் சொல்லின் கனம் எனக்குப் புரிவது அங்கேதான்.

அடுத்த செப்டம்பர் 1 அன்று இந்தக் கதையைப் பகிர்கிறவர்கள், தயவுசெய்து அந்த நான்கு வாம்பயர்களையும் சேர்த்துச் சொல்லுங்கள்.