புஷ் ரீப்ளேஸ்மென்ட் எல்லாத் திரையையும் நீக்காது
மொபைல் ஆப் செய்யும் ஃப்ளட்டரில், இருக்கும் திரைக்குப் பதில் புதுத் திரையை வைக்கிற புஷ் ரீப்ளேஸ்மென்ட் கட்டளையைப் போட்டால், பேக் அழுத்தும்போது பழைய திரை எதுவும் வராது என்று ஒரு தம்பி எழுதியிருக்கிறார். ஆனால் திறந்த திரைகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கில் இருக்கும்; அந்தக் கட்டளை நீக்குவது அடுக்கின் மேலே இருக்கும் ஒரே ஒரு திரையைத்தான். லாகினிலிருந்து நேராக முகப்புக்குப் போகிற ஆப்பில் அவர் சொல்வது சரி போலவே தெரியும். மன்னார்குடியில் ஒரு நெல் கடைக்கு ஆப் செய்தபோது நானும் அப்படித்தான் நம்பினேன். லாகின், அதன்மேல் ஓடிபி, அங்கிருந்து ரீப்ளேஸ்மென்ட்டில் முகப்பு. கடைக்காரர் மூட்டைக் கணக்கைப் பார்த்துவிட்டு பேக் அழுத்தினார். ஓடிபி மட்டுமே நீங்கியிருந்ததால் லாகின் வந்து நின்றது! முழுவதும் நீக்க, புஷ் அண்ட் ரிமூவ் அன்டில் என்ற கட்டளையைப் போட்டு, எந்தப் பழைய திரையும் தங்காதபடி நிபந்தனையில் ஃபால்ஸ் கொடுக்க வேண்டும். சந்தேகம் இருந்தால் மூன்று வெற்றுத் திரை வைத்து, மூன்றாவதுக்கு மட்டும் ரீப்ளேஸ்மென்ட் போட்டு, பேக் அழுத்திப் பாருங்கள். முதல் திரை வரும்.