ரிக்டரில் எவ்வளவு என்று மட்டும் கேட்டு என்ன பயன்?

ஒரு பெருநகரத்தில் நிலநடுக்கம் என்று செய்தி வந்தால் எல்லாரும் கேட்பது ஒன்றுதான், ரிக்டரில் எவ்வளவு? ஐந்தரை, ஆறு என்று பதில் வந்தால் போதும், 'அப்பாடா, பெரிசா ஒண்ணும் இல்ல' என்று அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடுகிறோம். எனக்கு இதில் உடன்பாடே இல்லை.

நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச் 2010 செப்டம்பரில் 7.1 அளவில் குலுங்கியது. விடியற்காலை, தெருவில் ஆளில்லை, மையமும் நகரத்தை விட்டுச் சுமார் 40 கிலோமீட்டர் தள்ளி. இடிபாட்டில் ஒருவர்கூடச் சாகவில்லை. அடுத்த பிப்ரவரியில் வந்தது 6.2தான், ஆனால் பட்டப்பகலில், ஆழம் அதிகமில்லாமல், நகரத்தை ஒட்டியே வந்தது. 185 பேர் போய்விட்டார்கள், அதில் 115 பேர் ஒரே கட்டடத்தில். இன்னொரு இடத்தில் பழைய செங்கல் கட்டடத்தின் முகப்பு அப்படியே தெருவில் சரிந்ததில் பேருந்தில் உட்கார்ந்திருந்த 8 பேர் இறந்தார்கள். அவர்கள் அந்தக் கட்டடத்துக்குள் காலே வைக்கவில்லை.

கட்டடம் நின்றாலும் பதற்றம் விடுவதில்லை. 2025 ஏப்ரலில் இஸ்தான்புல்லில் 6.2. 200க்கும் மேற்பட்டோர் காயம்பட்டார்கள், நிறையப் பேர் பயத்தில் மாடியிலிருந்து குதித்தவர்கள். (ஆடும்போது மேசைக்கடியில் போங்கள், ஓடாதீர்கள் என்று எத்தனை தடவை சொன்னாலும் கால் கேட்காது போல.)

ஆனால் என்னை அதிகம் உறுத்துவது ஒசாகா. 2018 ஜூன் 18, காலை எட்டு மணியை நெருங்கும் நேரம், ஜப்பான் கணக்கில் 6.1. ரயில்கள் நின்றன, லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகளுக்குக் கேஸ் துண்டிக்கப்பட்டது. ஜப்பான் கட்டடங்கள் தாங்கிவிட்டன, சரி. பக்கத்து டகாட்சுகி நகரில் பள்ளிக்கு நடந்துபோன ஒன்பது வயதுச் சிறுமியின் மேல் விழுந்தது பள்ளியின் நீச்சல்குளத்துச் சுவர். அடிச்சுவர் மேல் சிமெண்ட் கல்லை அடுக்கி, சட்டம் அனுமதித்த உயரத்தையும் தாண்டிக் கட்டி, மேலே அழகாகப் படமும் வரைந்து வைத்திருந்தார்கள். சாய்ந்தது அந்தப் படம் வரைந்த பகுதிதான். அதைவிடக் கொடுமை, இந்தச் சுவர் ஆபத்து என்று பேரிடர் நிபுணர் ஒருவர் 2015லேயே சொல்லியிருக்கிறார். ஆட்கள் வந்தார்கள், பார்த்தார்கள், தட்டிப் பார்த்தார்கள், நன்றாகத்தான் இருக்கிறது என்று போய்விட்டார்கள்.

அப்புறம்தான் நாடு முழுக்கப் பள்ளிச் சுவர்களைச் சோதித்தார்கள். ஆயிரக்கணக்கான பள்ளிகளில் இதே கதைதான்.