செடிக்கு வலிக்கும் என்று போஸ் நிரூபித்தாரா?

‘கீரையைக் கிள்ளினாலும் அதற்கு வலிக்கும், ஜகதீஷ் சந்திர போஸ் நிரூபித்துவிட்டார், ஆட்டை அறுப்பதும் கீரை கிள்ளுவதும் ஒன்றுதான்’ என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது. இது தவறு.

விஞ்ஞானி போஸ் அளந்தது செடியின் மின் துலங்கலையும் (தூண்டும்போது உண்டாகும் மின் மாற்றம்) வளர்ச்சியையும்தான், வலியை அல்ல. அதே மாதிரித் துலங்கலை வெள்ளீயக் கம்பியிலும் கண்டதாக 1902-இல் வெளியான ‘ரெஸ்பான்ஸ் இன் தி லிவிங் அண்ட் நான்-லிவிங்’ நூலில் அவரே எழுதியிருக்கிறார். இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது, புரட்டிப் பாருங்கள். தொட்டாற்சிணுங்கி இலை மூடுவதுகூட, காம்படிச் செல்களிலிருந்து நீர் வெளியேறுவதால்தான். செடிக்கு நரம்பும் இல்லை, மூளையும் இல்லை. கத்தி பட்டால் துடிக்கிற ஆட்டுக்கு இரண்டும் உண்டு.

சரி, கறி சாப்பிடலாமா என்பது அவரவர் யோசித்து முடிவெடுக்க வேண்டியது. அதற்காக, போஸ் நிரூபிக்காததை அவர் தலையில் ஏற்ற வேண்டாம். இந்தச் செய்தி வந்தால் தயவுசெய்து ஃபார்வர்டு செய்யாதீர்கள்.